தோடியின் காந்தாரமும் கணினியும்: இசை ஆய்வின் முதல் ஆண்டைத் தொடங்கும் முறை

கணினி உருவாக்கும் இசையில் முதுநிலை ஆய்வுக்குச் சேர்கிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே பெரிய மாடலை (தரவிலிருந்து கற்கும் நிரலை) பயிற்றுவிக்க ஜிபியு என்ற வேகக் கணிப்புச் சில்லு கேட்டு நிற்கிறார்கள். அதைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். ‘ஏஐ மூலம் கர்நாடக இசை’ என்பது பெயர்ப்பலகைதான், ஆய்வுக் கேள்வி ஆகாது. ‘ஸ்வரப் பெயர்களை மட்டும் கொடுத்தால், தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு (‘க’ ஸ்வரத்துக்கு) உரிய அசைவை, அதாவது கமகத்தை, மாடல் தானாக வரைகிறதா?’ என்பது கேள்வி. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கிடைக்கும். கீழே வருவதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்தே.

முதலில் தரவைக் காதால் கேளுங்கள். சேவியர் செர்ராவின் தலைமையில் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தின் விளைவாகக் கிடைத்த ‘சராகா’ தொகுப்பு நல்ல தொடக்கம்; சென்னை ஐஐடியும் அந்தத் திட்டத்தில் பங்கேற்றது. அதில் சில பதிவுகளில் பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியவை தனித்தனி டிராக்குகளாக உள்ளன. ஆனால் அவை மேடையில் எடுக்கப்பட்டவை என்பதால், பாடகரின் மைக்கில் பக்கவாத்தியங்களும் கசிந்திருக்கும். ‘தனிக் குரல்’ என்று நம்பிப் பயிற்றுவித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை.

அடுத்து விண்டோவின் நீளம், அதாவது அதிர்வெண்ணைக் கணக்கிட ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டின் நீளம். பயிற்சிக் குறிப்புகளில் வரும் 2048 சாம்பிள்களை (ஒலியின் அளவீட்டுப் புள்ளிகளை) அப்படியே எடுத்துக்கொள்ளாமல், காகிதத்தில் ஒருமுறை கணக்குப் போடுங்கள். 2 கட்டைச் சுருதியில் பாடுகிற ஆணின் ஷட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். சுத்த ரிஷபம் 157 ஹெர்ட்ஸ் அளவில் வரும். நொடிக்கு 44,100 சாம்பிள்கள் உள்ள பதிவில் 2048 சாம்பிள் விண்டோவின் ஒவ்வொரு அதிர்வெண் கட்டமும் 21.5 ஹெர்ட்ஸ் அகலம் என்பதால், 10 ஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட இந்த இரு ஸ்வரங்களையும் அடிப்படை அதிர்வெண்ணை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். விண்டோவை 8192 ஆக்கினால் கட்டம் 5.4 ஹெர்ட்ஸாகச் சுருங்கும். ஆனால் விண்டோ 186 மில்லிநொடியாக நீண்டுவிடும். கமகம் நொடிக்கு ஐந்து முறை அசைந்தால் ஓர் அசைவுக்கு 200 மில்லிநொடிதான், ஆகவே கிட்டத்தட்ட முழு அசைவும் ஒரே விண்டோவுக்குள் கரைந்துபோகும். வழி வேறு இடத்தில் இருக்கிறது: பத்தாவது ஹார்மோனிக்கில் (அடிப்படை அதிர்வெண்ணின் பத்து மடங்கில்) அதே 10 ஹெர்ட்ஸ் 100 ஹெர்ட்ஸாக விரிகிறது. அல்லது, 2002-இல் வெளியான ‘யின்’ போல, அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது என்று நேரடியாக அளக்கும் முறையை நாடலாம்.

யின்னோ, அதன் வழிவந்த பியின்னோ, 2018-இன் கிரெப்போ, சுருதி கண்டறியும் முறை எதுவானாலும், கிடைத்த சுருதிக் கோட்டை (நேரத்தோடு சுருதி ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டை) ஆதார ஷட்ஜத்திலிருந்து சென்ட் கணக்கில் மாற்றுங்கள். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். அப்போதுதான் 2 கட்டைப் பாடகரையும் 5 கட்டைப் பாடகியையும் ஒரே தாளில் வைக்க முடியும். பிறகு அந்தக் கோட்டை எளிய ஒலியாக மாற்றி, மூலப் பதிவின்மேல் ஓட்டிக் கேளுங்கள். பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் கோடு வயலினுக்குத் தாவுவதும், ஒரு ஸ்தாயி வழுக்குவதும் வரைபடத்தில் கண்ணுக்குத் தப்பும், காதுக்குத் தப்பாது.

தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது துண்டு துண்டாகக் கலைத்துப் போடாதீர்கள். ஒரே கச்சேரியின் துண்டுகள் இரு பக்கமும் இருந்தால், மாடல் ராகத்தை விட்டு அரங்கின் எதிரொலியையும் தம்புராவின் ரீங்காரத்தையும் கற்றுக்கொள்ளும். முதல் ஆண்டில் நானும் இப்படி ஏமாந்தேன்; கச்சேரிவாரியாகப் பிரித்ததும் பெருமைப்பட்ட முடிவு சரிந்தது. 30 நொடித் துண்டுகள் ஆயிரம் கொண்ட, பல ஆண்டுகள் எல்லோரும் நம்பிய ஜிடிசான் என்ற இசைவகைத் தொகுப்பிலேயே, இரட்டைப் பதிவுகளும் தவறான பெயர்களும் இருப்பதை ஆய்வாளர் பாப் ஸ்டர்ம் பின்னர் எடுத்துக்காட்டினார்.

பெரிய மாடலுக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எளிய பேஸ்லைன் மாடல் வேண்டும். முந்தைய ஸ்வரத்தைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் மார்க்கோவ் சங்கிலி போதும். 1957-இல் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் கணினியில் உருவாக்கிய நால்வர் தந்தி இசையின் ஒரு பகுதியில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். உங்கள் மாடல் அதைத் தாண்டவில்லையென்றால் நெறியாளரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். தாண்டினால், உருவான ஒவ்வொரு பிடிக்கும் (ஸ்வரத் தொடருக்கும்) மிக நெருக்கமான பயிற்சிப் பதிவைத் தேடி எடுத்து, மாடல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறதா என்று பாருங்கள்.

மதிப்பீட்டில், உருவான ஒலிகள் உண்மைப் பதிவுகளுக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஃப்ரெஷே ஆடியோ தூரம் என்ற எண்ணைப் பலர் தருகிறார்கள். அதன் வழக்கமான வடிவம் சார்ந்திருக்கும் விஜிஜிஷ் மாடல் ஏறத்தாழ ஒரு நொடித் துண்டை ஒரே எண் தொகுதியாகச் சுருக்கிவிடுகிறது; பொதுவான ஒலிகளில் பயின்ற அது காந்தாரத்தின் அசைவைக் கவனிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ராகம் அறிந்த சில ரசிகர்களை அமர்த்தி, பாடகரின் உண்மையான சுருதிக் கோட்டையும் மாடலின் கோட்டையும் ஒரே செயற்கைக் குரலில், ஒரே தம்புராவோடு, ஒரே ஒலி அளவில், எது எது என்று சொல்லாமல் கேட்கவிடுங்கள். ‘எது இனிமை?’ என்று கேட்காமல், ‘எதில் காந்தாரம் தோடிக்குப் பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது?’ என்று கேளுங்கள். பிசகிய இடத்தைச் சொல்வதைவிடப் பாடிக் காட்டுகிறவர்களே அதிகம். அதைப் பதிவு செய்ய மைக் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.