ஃப்ளாட் கேட்டால் ஃப்ளாட்தான் கிடைக்கும்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில், அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பையன். திருநெல்வேலியிலிருந்து மேற்படிப்புக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. தே தாரிக்கை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, ஊருக்குக் கிளம்ப இன்னும் ரெண்டு மாசம்தான். வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லிடலாம்ல?"

கையிலிருந்த ரொட்டி சானாயைத் தட்டில் வைத்துவிட்டேன். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இதே ஊரில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்காமல் செய்தும் விட்டேன்.

இப்போது இரண்டு கொண்டோ வீடுகளை உரிமையாளர்களின் சம்மதத்தோடு மொத்தமாக எடுத்து, மாணவர்களுக்கு அறை அறையாக வாடகைக்குக் கொடுத்து வருகிறேன். வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதே, ஏஜெண்டின் பதிவு எண்ணைச் சரிபார் என்பதையெல்லாம் உங்கள் சீனியர்களே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது சொற்களைப் பற்றி. ஊரிலிருந்து நாம் கொண்டுவரும் சொற்கள் எல்லாம் இங்கேயும் புழங்குகின்றன. ஆனால் அவை கூட்டிப்போகும் வீடு வேறு.

ஃப்ளாட்

சென்னையில் அண்ணாநகரில் இரண்டு கோடிக்கு வாங்கினாலும் அது ஃப்ளாட்தான். கோலாலம்பூரில் ஃப்ளாட் என்றால் பெரும்பாலும் மலிவு விலை அடுக்குமாடி. நாலைந்து மாடி, லிஃப்ட் இருக்காது. மலாய் மொழியில் ரூமா பாங்சா. கொஞ்சம் வசதியாக இருந்தால் அபார்ட்மெண்ட். நீச்சல் குளம், ஜிம், வாசலில் காவலாளி என்றால் கொண்டோ. நிலத்தோடு ஒட்டிய வீட்டை இங்குள்ள தமிழர்கள் தரை வீடு என்பார்கள்.

ஃப்ளாட்டில் தங்குவதில் ஒரு குறையும் இல்லை, நானும் தங்கியிருக்கிறேன். ஆனால் பிபிஆர் என்ற எழுத்துகளைப் பார்த்தால் மட்டும் நில்லுங்கள். அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசுக் குடியிருப்பு. கோலாலம்பூர் மாநகர் மன்றம் அதை மாதம் 124 வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) வாடகைக்கு விடுகிறது. எடுத்தவர் அதை உள்வாடகைக்கு விடக் கூடாது. அங்கே உங்களுக்கு ஒருவர் 350 வெள்ளிக்கு அறை தருகிறார் என்றால், சோதனை வரும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கப்போவது நீங்கள்.

அட்வான்ஸ்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

நம் ஊரில் அட்வான்ஸ் என்றால் திரும்பி வரும் பணம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சர்வசாதாரணமாக இருந்தது. காலி செய்யும்போது வெள்ளையடிக்கக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். கடைசி மாதங்களில் கையில் காசில்லை என்றால் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதும் உண்டு. வீட்டுக்காரர் முனகுவார், கழித்துக்கொள்வார்.

இங்கே அட்வான்ஸ் என்பது முதல் மாத வாடகை. முன்கூட்டியே கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த மாதம் முடிந்தால் அந்தப் பணமும் முடிந்தது. திரும்பி வரும் பணத்துக்குப் பெயர் டெபாசிட். வழக்கமாக இரண்டு மாத வாடகை செக்யூரிட்டி டெபாசிட், அரை மாதம் தண்ணீர், கரண்ட் பில்லுக்கான யூட்டிலிட்டி டெபாசிட்.

என் அறைக்கு வாடகை 600 வெள்ளி. சாவி வாங்கும்போது 600, 1,200, 300 என்று மொத்தம் 2,100 கொடுத்தேன். நோட்டில் "அட்வான்ஸ் 2,100" என்று ஒரே வரியாக எழுதி வைத்தேன். என் கெட்ட நேரம் அந்த வரியில்தான் ஆரம்பித்தது. கடைசி இரண்டு மாத வாடகை 1,200 போக 900 கையில் வரும், அதில் விமான டிக்கெட் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்காரர் ஒரு சீன அம்மா, நல்ல மனுஷி. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தவர். வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினேன். "அட்வான்ஸ் உன் முதல் மாதம், அது எப்போதோ முடிந்தது" என்று பதில் வந்தது. சரி, டெபாசிட்டில் கழியுங்கள் என்றேன். ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். டெபாசிட்டை வாடகையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. கீழே என் கையெழுத்தும் இருந்தது.

நான் வீம்புக்குக் கொடுக்காமல் இருந்தேன். முதலில் நோட்டீஸ் வந்தது. அப்புறம் ஒப்பந்தத்தை மீறியதற்காக 1,200 டெபாசிட் போனது. யூட்டிலிட்டி டெபாசிட்டில் பில் போக 120 வெள்ளி கையில் கொடுத்தார். ஆய்வேட்டை முடிக்க வேண்டிய மாதத்தில் ஒரு நண்பனின் அறையில் தரையில் படுத்தேன். டிக்கெட்டுக்கு அப்பாவிடம் கேட்டேன். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாராவது எனக்கு அந்த இரண்டு சொற்களையும் பிரித்துச் சொல்லியிருக்கலாமே என்ற கோபம்தான்.

ஆகவே வாடகை, டெபாசிட் என்று இரண்டு வரிகளாக எழுதுங்கள். எத்தனை மாத ஒப்பந்தம் என்று பாருங்கள். படிப்பு ஒன்பது மாதம், ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம் என்றால் அந்த மூன்று மாத இடைவெளியில்தான் பலருடைய டெபாசிட் போகிறது. ஒப்பந்தத்துக்கு முத்திரை வரியும் கட்டுங்கள். 2025 ஜனவரியிலிருந்து, ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 600 வெள்ளி அறைக்கு 29 வெள்ளிதான் ஆகும். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. தவறு உங்கள் மேல் இல்லாமல் டெபாசிட் வராமல் போனால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கையை வக்கீல் இல்லாமலே போடலாம்.

திருநெல்வேலிப் பையனின் ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஏழாவது பிரிவில் அதே வரி.

ஹாஸ்டல், அஸ்ராமா, காலேஜ்

அஸ்ராமா என்ற பலகையைப் பார்த்து ஆசிரமம் என்று நினைத்த ஒருவனை எனக்குத் தெரியும். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று உள்ளே போய்க் கேட்டான். மூலச் சொல் ஒன்றுதான், ஆனால் மலாயில் அது விடுதி. மாணவர் விடுதிக்கும் அந்தப் பெயர்தான், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக்கும் அந்தப் பெயர்தான். வாடகை மலிவாக இருக்கிறதே என்று போய் நிற்பதற்கு முன் எந்த விடுதி என்று கேளுங்கள்.

மலாயா பல்கலைக்கழகத்தில் "எந்தக் காலேஜ்?" என்று கேட்டால் படிப்பைக் கேட்கவில்லை, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அங்கே விடுதிக்குக் கோலேஜ் கெடியாமன் என்று பெயர். முதலாவது, இரண்டாவது என்று எண்ணாலேயே சொல்வார்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அதுவே டேசாசிஸ்வா. தேசமும் சிஷ்யனும் அதற்குள் ஒளிந்திருக்கிறார்கள்.

பிஜி, மேன்ஷன்

இங்கே யாருக்கும் புரியாது.

ரூம்

மாஸ்டர் ரூம் என்றால் குளியலறை உள்ளேயே இருக்கும். மிடில் ரூமுக்குப் பொதுக் குளியலறை. ஸ்மால் ரூமில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்குமா என்று பாருங்கள். பல வீடுகளில் அது அடுப்படிக்குப் பின்னால் பணிப்பெண்ணுக்காகக் கட்டிய அறை. பார்ட்டிஷன் ரூம் என்பது ஹாலைப் பலகை வைத்துத் தடுத்தது. சுவரைத் தட்டிப் பாருங்கள், ஜன்னல் எங்கே என்று கேளுங்கள். இப்போது இதையே சிலர் ஸ்டூடியோ என்றும் விளம்பரம் செய்கிறார்கள். ரூமா கெடாய் என்றால் கடைவீடு. அந்தக் கெடாய் நம் கடைதான். மேலே உங்கள் அறை, கீழே இரவு இரண்டு மணி வரை பாத்திரச் சத்தம்.

இன்ன இனத்தவருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போடும் விளம்பரங்களும் உண்டு. முதல் தடவை படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அங்கே வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள், அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

லைட் குக்கிங்

விளம்பரத்தில் இப்படிப் போட்டிருந்தால் மேகி வேகவைக்கலாம். தாளிக்க முடியாது.

பங்சார் சவுத்

விளம்பரத்தில் இந்தப் பெயரைப் பார்ப்பீர்கள். அந்த இடம் பங்சார் பகுதியில் இல்லை. அது கம்போங் கெரிஞ்சி. பக்கத்தில் யூனிவர்சிட்டி என்று ஓர் எல்ஆர்டி ரயில் நிலையம் இருக்கிறது, இறங்கினால் மலாயா பல்கலைக்கழகமும் அங்கே இல்லை. பஸ் பிடிக்க வேண்டும்.

நாலாவது மாடி

லிஃப்டில் 4 இல்லையென்று தேடாதீர்கள், சீனர்களுக்கு அது ஆகாத எண். 3ஏ பொத்தானை அழுத்துங்கள்.