ஜார்ஜியாவுக்குப் படிக்க வருபவர்கள் ஐரோப்பிய ஒன்றியம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜார்ஜியாவுக்கு மருத்துவம் படிக்கக் கிளம்பும் தம்பி, தங்கைகளே, "சீக்கிரமே அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிடும், அப்புறம் ஜெர்மனியில் வேலை பார்க்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அதை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

2022 மார்ச்சில், ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களிலேயே ஜார்ஜியா விண்ணப்பித்தது. 2023 டிசம்பரில் வேட்பாளர் நாடு, அதாவது சேர்க்கைக்குக் காத்திருக்கும் நாடு, என்ற தகுதி கிடைத்தது. ஆனால் 2024 மே மாதம், வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியதும் ஒன்றியம் பின்வாங்கியது. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, 2028 இறுதிவரை சேர்க்கைப் பேச்சை எடுக்கப்போவதில்லை என்று பிரதமர் இராக்லி கொபாகிட்ஸே அறிவித்தார். பேச்சே இன்னும் தொடங்கவில்லை. வடக்கு மாசிடோனியா 2005-லிருந்து வேட்பாளராகவே காத்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2017 முதல் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) போகும் வசதி ஜார்ஜியக் குடிமக்களுக்கு வந்தது. உங்கள் குடியிருப்பு அட்டைக்கு அது பொருந்தாது. பாரிஸ் போக வேண்டுமென்றால் நீங்கள் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒன்றியத்தைப் பார்க்காதீர்கள். 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி என்ற இந்திய மருத்துவ ஆணையத்தின் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

தலைநகர் திபிலீசியின் ருஸ்தவேலி அவென்யூவில், நாடாளுமன்றத்தின் முன் நடந்த போராட்டங்களைப் பற்றி உங்கள் வகுப்புத் தோழர்களே பேசுவார்கள். அவர்களுக்கு இது வெறும் கட்சி அரசியல் இல்லை. ஒன்றியத்தில் சேர்வது அவர்களுடைய அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட இலக்கு. ரஷ்யாவுடனான 2008 போருக்குப் பிறகு அப்காசியாவும் தெற்கு ஒசேட்டியாவும், அதாவது நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு, ரஷ்யப் படைகளின் பிடியில் இருக்கிறது. அந்த வலி புரிந்தால், அவர்கள் ஏன் ஐரோப்பாவை நோக்கி நிற்கிறார்கள் என்பதும் புரியும். பொறுமையாகக் கேளுங்கள். எதிர்க்கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமும் வாதம் வேண்டாம்.

ஆனால் கூட்டத்துக்குள் போகாதீர்கள், வேடிக்கை பார்க்கக்கூட. சாலையை மறித்தால் விழும் அபராதத்தை 2024 இறுதியில் 5,000 லாரியாக (லாரி என்பது ஜார்ஜிய நாணயம்) உயர்த்தினார்கள், அதன்பின் விதிகள் இன்னும் இறுகின. வெளிநாட்டு மாணவருக்கு தண்டனையோடு குடியிருப்பு அனுமதியும் சிக்கலாகலாம். அந்தப் பக்கம் போராட்டம் நடக்கும் மாலைகளில் பேருந்தைத் தவிர்த்து மெட்ரோவில் போங்கள், குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும். அவசரம் என்றால் 112.