பள்ளி உடற்கல்விக்கு நிதி கேட்பது எப்படி: தென்னாப்பிரிக்கப் பெற்றோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

டர்பனில் என் மகள் படிக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் பொருளாளர். முதன்முதலாக ஒரு கம்பெனியிடம் உதவி கேட்டு எழுதியபோது கால்பந்து அணிக்குப் பதினைந்து ஜெர்சி கேட்டோம், அவர்களும் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டது பதினைந்து பிள்ளைகள். மற்றவர்கள், என் மகளும் அதில் ஒருத்தி, உடற்கல்வி பீரியடில் சுவரோரமாக உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள், ஏனென்றால் நாற்பது பேர் வகுப்புக்கு மூன்றே பந்து. நாங்கள் கேட்டது போட்டிக்குத்தான், உடற்கல்விக்கு இல்லை என்பது அதைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. அணியில் இடம் கிடைக்காத பிள்ளைக்காகக் கேளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழி.

முதலில் டைம்டேபிளை எடுங்கள்

இங்கே உடற்கல்வி தனிப் பாடம் கிடையாது. ஆறாம் வகுப்பு வரை லைஃப் ஸ்கில்ஸ் பாடத்துக்குள்ளும், ஏழிலிருந்து லைஃப் ஓரியன்டேஷனுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது. தேசியப் பாடத்திட்டப்படி மூன்றாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், நான்கு முதல் ஆறு வரை 1 மணி நேரம், அதற்கு மேலும் லைஃப் ஓரியன்டேஷனின் 2 மணியில் 1 மணி உடற்கல்விக்கு உரியது. உங்கள் பள்ளியில் அந்த நேரம் உண்மையிலேயே நடக்கிறதா என்று வகுப்பு ஆசிரியர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள். குறை கண்டுபிடிக்க வந்ததாக அவர்களுக்குத் தோன்றக் கூடாது. தொடக்கப்பள்ளியில் பெரும்பாலும் வகுப்பு ஆசிரியரேதான் உடற்கல்வியும் நடத்த வேண்டியிருக்கிறது, அவருக்கு அதில் பயிற்சி இல்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் ஆசிரியர் பயிற்சிக்கும் சேர்த்துப் பணம் கேட்க வேண்டும்.

அப்புறம் எண்ணுங்கள்

ஒரு பீரியட் முழுக்க மைதானத்தில் நின்று பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை பந்து, ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் உண்மையில் ஓடியாடியது, எத்தனை நிமிடம் வரிசையில் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதையும் எழுதுங்கள். நான் பார்த்த நாளில் ஒரு சிறுமிக்கு முப்பது நிமிடத்தில் பந்து கைக்கு வந்தது இரண்டே தடவை. பின்னால் எங்கள் கடிதத்தின் முதல் வரியே அதுதான். உடல்நலம், ஒழுக்கம், தேசத்தின் எதிர்காலம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாலும் அந்த ஒரு வரியின் கனம் வந்திருக்காது.

கேட்பதற்கு முன்பே தாள்கள் தயாராக இருக்கட்டும்

1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், பிரிவு 36, அரசு தருவதோடு கூடுதல் வளம் திரட்ட முயல்வது நிர்வாகக் குழுவின் கடமை என்றே சொல்கிறது. ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணம் பள்ளி நிதிக் கணக்குக்குத்தான் வர வேண்டும், யாருடைய சொந்தக் கணக்குக்கும் வரக் கூடாது. தணிக்கை செய்து கையெழுத்தான கணக்கறிக்கை, வங்கியின் உறுதிக் கடிதம், நிர்வாகக் குழு நிறைவேற்றிய தீர்மானம், பள்ளியின் எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் தரும் அடையாள எண்), கட்டணமில்லாப் பள்ளி என்றால் அதற்கான சான்று, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். எங்கள் இரண்டாவது விண்ணப்பம் கணக்கறிக்கையில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் திரும்பி வந்தது. அந்த வருடம் முழுக்க வீணாயிற்று, பிள்ளைகளிடம் காரணம் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, பள்ளிக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நன்கொடையாளருக்கு ரசீது தரலாம், அவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை அதற்குக் கழிவு பெறலாம். இல்லையென்றால் வருமான வரித் துறையில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

யாரிடம் கேட்பது

தேசிய லாட்டரி ஆணையம் விளையாட்டு, பொழுதுபோக்குப் பிரிவில் நிதி தருகிறது. தொடக்கக்காரர்கள் 5 லட்சம் ரேண்டுக்குள் இருக்கும் சிறு நிதியைப் பார்த்தால் போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "நான் வாங்கித் தருகிறேன், எனக்குப் பத்து சதவீதம்" என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். அந்த ஆணையத்தில் நடந்த முறைகேடுகளை அரசின் சிறப்பு விசாரணைப் பிரிவு 2020 முதல் விசாரித்துவருகிறது, அதனால் தாள்களைக் கறாராகப் பார்ப்பார்கள் என்று எண்ணியே தயாராகுங்கள்.

மாகாண விளையாட்டுத் துறைக்கு மத்திய அரசிடமிருந்து வரும் மக்கள் பங்கேற்பு மானியத்தில் பள்ளிகளுக்கு உபகரணமும் கொடுக்கிறார்கள். அங்கே பணமாக எதிர்பார்க்காதீர்கள், பொருளாகக் கேளுங்கள்.

கம்பெனிகள் விஷயம் கொஞ்சம் விரிவானது. கம்பெனிகளுக்குப் புள்ளி போட்டு மதிப்பிடும் கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டு (பி-பிபிஇஇ) விதிகளின்படி, வரி போக நிகர லாபத்தில் 1 சதவீதத்தைச் சமூக மேம்பாட்டுக்குச் செலவிட்டால் கம்பெனிக்கு அந்தப் பகுதியில் முழுப் புள்ளி. பயன் பெறுவோரில் குறைந்தது 75 சதவீதம் கறுப்பினத்தவராக இருந்தால்தான் அந்தச் செலவு முழுசாகக் கணக்கில் சேரும். ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் இந்தச் சொல்லுக்குள் வருகிறார்கள். ஆகவே உங்கள் மாணவர் விவரத்தைக் கடிதத்திலேயே கொடுத்துவிட்டால் அவர்கள் வேலை பாதி முடிந்தது. நிதியாண்டு முடிவதற்கு நாலைந்து மாதம் முன்பே எழுதுங்கள், கடைசி வாரத்தில் போனால் பெட்டி காலியாக இருக்கும்.

உங்கள் பங்கையும் காட்டுங்கள், சிறியதானாலும் பரவாயில்லை. நாங்கள் பிரியாணி விற்றோம் (புரட்டாசியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், பாதி டர்பன் கறி தொடாது). இது நமக்குப் புதிதும் இல்லை. டர்பன் இருக்கும் நேட்டாலில் அந்தக் காலத்து அரசு உதவி பெற்ற இந்தியப் பள்ளிகளில் பல, நம் முன்னோர் திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு ஒரு பவுண்டு சேர்த்துக் கட்டியவை.

கடிதமும் பட்ஜெட்டும்

இரண்டு பக்கம் போதும். என்ன நடக்கிறது, என்ன வேண்டும், யார் நடத்துவார், எப்போது முடியும், மாற்றத்தை எப்படி அளப்பீர்கள், அவ்வளவுதான். அளப்பதற்கு அதே நோட்டு இருக்கிறது, ஆறு மாதம் கழித்து அதே பீரியடில் மறுபடி எண்ணுங்கள்.

பட்ஜெட்டில் ஒரு பெரிய பொருளைவிடப் பல சின்னப் பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைக்கு ஒரு டென்னிஸ் பந்து, ஒரு ஸ்கிப்பிங் கயிறு, கோன்கள், பாய்கள், பார்வைக் குறையுள்ள பிள்ளைக்காகச் சத்தம் எழுப்பும் ஒரு பந்து. எல்லாவற்றுக்கும் மூன்று கடைகளிலிருந்து கொட்டேஷன் வாங்குங்கள். பூட்டு போட்ட அலமாரிக்கும், கிழிந்ததை மாற்றுவதற்கும், ஆசிரியர் பயிற்சிக்கும் தொகை ஒதுக்குங்கள். அலமாரியை நாங்கள் மறந்தோம், முதல் பள்ளி விடுமுறையிலேயே பாதிப் பந்து காணாமல் போனது.

பணம் வந்த பிறகு

என்ன காரணத்துக்கு வந்ததோ அதற்கே செலவழிக்க வேண்டும், அதே பள்ளிகள் சட்டத்தின் பிரிவு 37 அதைக் கட்டாயமாக்குகிறது. கூரை ஒழுகினாலும் இந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. ஒவ்வொரு ரசீதையும் அதே ஃபைலில் சேருங்கள், பொருட்களைச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அறிக்கைக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் பெற்றோரிடம் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள், தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பானது. நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் சொல்கிறார்கள்.

எங்களுக்கு மூன்றாவது தடவை கிடைத்தது. அதே சிறுமியை அதே முப்பது நிமிடம் மறுபடி எண்ணினேன், பந்து கைக்கு வந்தது நாற்பத்தொரு தடவை.