புறநகர் பஸ் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அடுத்த பத்து வருடத்துக்கான பஸ் சேவையைத் திட்டமிடுபவர்கள் விடும் பெரிய பிழை, பஸ்ஸை ஒரு கோப்பிலும், பஸ் ஏற இயலாதவர்களுக்காக வாசலுக்கே வரும் வானை இன்னொரு கோப்பிலும் வைப்பதுதான். இரண்டும் ஒரே கணக்கு.

வெள்ளவத்தையில் காலி வீதி பஸ் ஹோல்ட் ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நடைபாதையை ஒட்டி நிற்க இடமில்லாமல் பஸ் நடுவீதியிலேயே வேகத்தைக் குறைக்கும். வயதான அம்மா ஒருவர் வீதியில் இறங்கி, முழங்கால் உயரப் படியில் காலை வைத்து, கம்பியைப் பிடிப்பதற்குள் கொண்டக்டர் "ரைட்" சொல்லிவிடுவார். இரண்டு தடவை இப்படி நடந்தால் அவர் பஸ்ஸைக் கைவிட்டுவிடுவார். நாளைக்கு வான் சேவை வந்தால் முதலில் பதிவு செய்பவரும் அவர்தான். ஆனால் இப்படிப்பட்ட வான் ஒரு மணி நேரத்தில் ஏற்றி இறக்குவது பொதுவாக இரண்டு மூன்று பேரைத்தான். தாழ்தளப் பஸ்ஸுக்கும் ஒழுங்கான ஹோல்ட்டுக்கும் செலவழிக்க மறுத்த காசு, பல மடங்காக வானில் போகும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 12.4 வீதமானோர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெளிநாட்டு விதியை அப்படியே பிரதி பண்ணுவதும் ஆபத்து. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கமான பஸ் பாதையிலிருந்து முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீற்றருக்குள் இந்த வான் சேவை இருக்க வேண்டும். அதற்கு வெளியே கட்டாயமில்லை. ஆகவே நட்டம் என்று ஒரு ரூட்டை வெட்டினால், அந்தப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருப்பவரின் வானும் சேர்ந்தே போய்விடலாம். ரூட்டை வெட்டும் கூட்டத்தில் இதை யாராவது கேட்க வேண்டும்.

அடுத்தது, பஸ்ஸில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவது. பஸ்கள் வந்து முடியும் புறக்கோட்டையில் நின்று தலை எண்ணினால் எல்லோரும் புறக்கோட்டைக்குத்தான் வருகிறார்கள் என்றே தெரியும். பாஸ்போர்ட் அலுவலகம் உட்பட எத்தனையோ அரச காரியாலயங்கள் பத்தரமுல்லைப் பக்கம் போய்விட்டன. வெள்ளவத்தையிலிருந்து அங்கே போவதென்றால் பெரும்பாலும் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வரை போய், 177க்கு மாற வேண்டும். இரண்டு டிக்கெட், இரண்டு காத்திருப்பு. அதற்குப் பயந்து ஆட்டோ பிடித்தவரை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை.

நேர அட்டவணையில் வாகன நெரிசலை மறப்பது கணக்குப் பிழை. ஒரு வழிக்கு 60 நிமிடம், இரு முனைகளிலும் பத்துப் பத்து நிமிட ஓய்வு என்றால் ஒரு சுற்று 140 நிமிடம்; பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓட 14 பஸ் போதும். நெரிசல் கூடி ஒரு வழிக்கு 75 நிமிடமானால் சுற்று 170 நிமிடம், 17 பஸ் வேண்டும். அந்த மூன்றை வாங்கினால் மட்டும் போதாது. சாரதி, உதிரிப்பாகம், டிப்போவில் இடம் எல்லாம் கூடவே வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், யார் ஓட்டுகிறார்கள் என்பதைப் பார்க்காத திட்டம் கடதாசியில்தான் ஓடும். இலங்கைப் போக்குவரத்துச் சபை மத்திய அரசின் கையில். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு பேர்மிட் கொடுப்பது மாகாண அதிகாரசபை. தனியார் பஸ்களில் பெரும்பாலும் முதலாளிக்கு நாளாந்தம் ஒரு தொகை கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் சாரதிக்கும் கொண்டக்டருக்கும். அதனால்தான் ஹோல்ட்டில் ஆள் சேரும்வரை ஊர்வதும், பின்னால் அதே நம்பர் பஸ் தெரிந்ததும் பறப்பதும். ஓடிய கிலோமீற்றருக்குப் பணம் கொடுக்கும் முறை வராமல் எத்தனை டைம்கீப்பரைப் போட்டாலும் இது மாறாது என்பது என் எண்ணம்.

வானுக்கு வருவோம். பதிவை மொபைல் செயலியில் மட்டும் வைக்காதீர்கள். மட்டக்குளியிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து அழைக்கும் முதியவருக்குத் தமிழில் பதில் சொல்ல தொலைபேசியில் ஒருவர் இருக்க வேண்டும். கிளினிக் போகிறவருக்குப் போகும் நேரம் தெரியும், முடியும் நேரம் டாக்டருக்கே தெரியாது. திரும்பும் பயணத்துக்கும் மணி குறிக்கச் சொன்னால் ஒன்றில் வான் வந்து காத்திருக்கும், அல்லது நோயாளி காத்திருப்பார். கிளினிக் நாட்களில் ஒரு வானை ஆஸ்பத்திரிப் பக்கமே நிறுத்தி, முடிந்தவர் அழைத்ததும் ஏற்றச் செய்யுங்கள்.