டிப்பர்மவுத் ப்ளூஸ்: ஆர்ம்ஸ்ட்ராங்கைத் தேடாதீர்கள்

கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் 1923 ஏப்ரலில், இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜென்னட் கம்பெனிக்காகப் பதிவு செய்த இசைத்தட்டு இது. மூன்று நிமிடம்கூட வராது. புதிதாகக் கேட்பவர்கள் எடுத்த எடுப்பில், பின்னாளில் ஜாஸின் பெரிய நட்சத்திரமான லூயிஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைத் தேடுவார்கள். பாதி தாண்டியதும் ஒரு கார்னெட் (டிரம்பெட்டின் குட்டித் தம்பி) தனியாக எழுந்து, அதன் வாயை அடைக்கும் மியூட்டைத் திறந்து மூடி மழலை பேசுவதுபோல மூன்று சுற்று வாசிக்கும். ‘இதோ லூயிஸ்!’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். இல்லை, அது ஜோ ஆலிவர், அதாவது ‘கிங்’ ஆலிவரேதான். ஆர்ம்ஸ்ட்ராங், 1922இல் ஆலிவர் சொல்லியனுப்பி நியூ ஆர்லியன்ஸிலிருந்து சிகாகோ வந்தவர். இந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட்.

அடுத்தது எண்ணிக்கைக் குழப்பம். இந்தப் பாட்டின் அமைப்பு ‘பன்னிரண்டு பார் ப்ளூஸ்’ என்றதும் பன்னிரண்டு தட்டு என்று தாளம் போட்டால் போச்சு. பார் என்பது தாளத்தின் ஒரு அலகு, ஒரு பாருக்கு நாலு தட்டு. ஆக பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்றுக்கு 48. முதல் நாலு பார் ஆதார ஸ்வரத்தின் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை)ச் சுற்றியே நிற்கும். ஐந்தாவது பாரில் மத்யமத்தின் கார்டுக்குப் போய், ஏழாவதில் திரும்பும். ஒன்பதாவதில் பஞ்சமத்தின் கார்டு, பதினொன்றில் மறுபடி வீடு, அதாவது ஆதார ஸ்வரத்தின் கார்டு. ஐந்தாவது பாரில் அடித்தளம் நகர்வது காதில் பட்டுவிட்டால் அப்புறம் தொலைய மாட்டீர்கள். சின்ன முன்னுரைக்குப் பிறகு இதே சுற்று ஒன்பது முறை வரும்: குழு இரண்டு, ஜானி டாட்ஸின் கிளாரினெட் இரண்டு, குழு ஒன்று, ஆலிவர் மூன்று, கடைசியில் மீண்டும் குழு. ஆலிவர் முடிக்கும் இடத்தில் ‘வாசிப்பா அதை!’ என்ற தோரணையில் ஒரு கூச்சல் கேட்கும். அது பில் ஜான்சன். வழக்கமாக பாஸ் என்ற கனத்த குரல் நரம்புக் கருவி வாசிப்பவர், அன்று கையில் பாஞ்ஜோ.

‘ப்ளூஸ் என்றால் சோகம்’ என்று எதிர்பார்த்துக் கேட்பதும் வேண்டாம். இது ஆட்டத்துக்கு வாசித்த இசை.

டிரம்ஸ் சரியில்லை என்று பேபி டாட்ஸைக் குறை சொல்வதும் அநியாயம். அன்று மைக் கிடையாது. ஒலியை வாங்கிப் பதிவுக் கருவிக்கு அனுப்பும் ஒரு கூம்பின் முன்னால் நின்று வாசித்தார்கள். பாஸ் டிரம்மின் அதிர்வை அந்தக் கருவி தாங்காது என்பதால் அவர் மரக்கட்டைகளைத் தட்டினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஒலி மற்றவர்களை அமுக்கிவிடும் என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள்.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, ஜாஸ் சோலோ (ஒருவர் தனித்து வாசிக்கும் பகுதி) என்றாலே அந்த நொடியில் பிறந்தது என்ற நினைப்பு. அதே ஆண்டு ஜூனில் ஓகே கம்பெனிக்கு இதை மறுபடி பதிந்தபோது, ஆலிவர் அதே சோலோவைத்தான் கிட்டத்தட்ட அப்படியே வாசித்தார். 1925இல் பிளெட்சர் ஹெண்டர்சன் குழு இதை ‘ஷுகர் ஃபூட் ஸ்டாம்ப்’ என்று பெயர் மாற்றிப் பதிந்தது. அதில் அந்த மூன்று சுற்றையும் வாசித்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். ஆலிவரின் வரிகளையே பின்பற்றி. லூயிஸைத் தேடுகிறவர்கள் அந்தத் தட்டை எடுக்கலாம்.