கேபிள் நிறுவனம் கைமாறும்போது இணையப் பங்குதாரர் பார்க்க வேண்டியவை

கேபிள் நிறுவனத்தைத் தொலைபேசி நிறுவனம் வாங்குகிறது என்ற செய்தி வந்ததும், அந்தக் கேபிளை நம்பித் தொழில் நடத்தும் இணைய நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பவர், விலை ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு முன், அதன் வாக்குரிமை இனி யார் கையில் இருக்கும் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 1999-இல் டிசிஐ என்ற கேபிள் நிறுவனத்தை வாங்கியபோது, டிசிஐ வசமிருந்த அட் ஹோம் என்ற அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணையச் சேவையின் கட்டுப்பாடும் அதனுடன் சேர்ந்தே கைமாறியது. அட் ஹோமின் பங்குமூலதனத்தில் ஏறத்தாழ கால்பங்கே இருந்தாலும், கூடுதல் வாக்குள்ள பங்குகளின் வழியே பெரும்பான்மை வாக்கு ஏடி அண்ட் டியிடம் இருந்தது. ஆண்டறிக்கையில் பங்கு வகைகளை விளக்கும் பகுதியை முதலில் புரட்டச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, கேபிள் நிறுவனங்கள் தங்கள் கம்பி வழியே இணையச் சேவை தரும் உரிமையை இந்த நிறுவனத்துக்கு மட்டுமே அளிக்கும் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டுக்குள் நுழையும் கம்பி பிறருடையது என்றால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பேரம் பேசும் வலிமையும் அவர்களுடையதே. கடைசியாக, கடன் சுமையைப் பாருங்கள். எக்சைட் என்ற தேடல் இணையதளத்தைப் பல நூறு கோடி டாலருக்கு, பெரும்பாலும் தன் பங்குகளையே கொடுத்து, வாங்கிய அட் ஹோம், 2001-இல் திவால் மனு கொடுத்தது. அதற்குள் பங்கு விலை ஒரு டாலருக்கும் கீழே போயிருந்தது. திவாலில் கடன் கொடுத்தவர்களுக்குப் பிறகே சாதாரணப் பங்குதாரரின் முறை வரும் என்பதால், கடன் பத்திரங்களின் தொகையையும் விட்டுவிடாதீர்கள்.