பாணமைக்குத் தெற்கே: ஆளில்லாத வறண்ட காட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

இலங்கையில் பாலைவனம் கிடையாது. ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மாதக்கணக்காக அடித்து ஓய்கிற நேரத்தில், கிழக்குக் கரையில் பாணமை ஊரைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். முட்பற்றை, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் மணல்மேடு, வெடித்துக் கிடக்கும் குளத்தடி, அதற்கப்பால் கடல். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்து, வெளிநாட்டுக்காரர் அறுகம்பேக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே, அதற்கு அந்தப் பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாணமை ஊர், குடும்பிகல பாறை, உகந்தை முருகன் கோவில், கூமுனை தேசியப் பூங்கா என்று ஒரே பாதையில் போகும் பயணம் இது.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. மண்பாதை சேறாகிவிடும், அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காலம். அதற்குள் கதிர்காமத் திருவிழாவை ஒட்டிக் கதிர்காமப் பாதயாத்திரை உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கும், ஆயிரக்கணக்கான சனம் வரும். அது வேறொரு அனுபவம், கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டியது. ஆனால் தனிமை தேடிப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. என் விருப்பம் மே கடைசியும் ஜூனும், அதுவும் வேலைநாளில். கூமுனை வில்லுவில், அதாவது ஆழமில்லாத நீர்நிலையில், நாரைகள் கூடு கட்டியிருக்கும், பாலைப்பழம் பழுத்திருக்கும், அந்தப் பழத்துக்காகக் கரடி மரமேறும்.

பாதை

மட்டக்களப்பிலிருந்து ஏ4 வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி வழியாகப் பொத்துவில். நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும். முந்தின நாள் பின்னேரமே போய்ப் பொத்துவிலில் தங்கிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தப் பயணத்தின் நல்ல நேரம் காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் இருக்கிறது. பெற்றோலை அங்கேயே நிரப்புங்கள். பாணமையில் சின்னக் கடைகள் உண்டு, அதுதான் கடைசி. அங்கிருந்து உகந்தைக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில், பெரும்பாலும் காட்டுப்பாதை. போன் சிக்னலும் மெல்ல மெல்லப் போய்விடும், அதனால் வரைபடத்தை முதல்நாளே போனில் இறக்கி வைத்திருங்கள்.

தண்ணீர்

மற்ற எதை மறந்தாலும் சமாளிக்கலாம், இதை மட்டும் மறக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று கணக்குப் போடுங்கள், அப்புறம் வண்டிக்கென்று ஒரு கான் தனியாக. எல்லாவற்றையும் ஒரே பெரிய கானில் ஊற்றி வைக்காதீர்கள். அது சாய்ந்தாலோ வெடித்தாலோ முழுவதும் மணலுக்குத்தான் போகும். இரண்டு மூன்று சின்னக் கான்களாகப் பிரித்து, ஒன்றைப் பழைய சாரத்துண்டால் சுற்றி அந்தத் துணியை நனைத்து, காற்றுப் படுகிற நிழலில் வையுங்கள். துணி காயக் காயத் தண்ணீர் குளிரும்.

என் மாமி பாதயாத்திரை பலமுறை நடந்தவர். அவர் சொல்லித் தந்தது, தாகம் வரும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு மிடறாகக் குடிக்க வேண்டும் என்பது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் ஜீவனி என்கிற உப்புக்கரைசல் மாப் பக்கற் நாலைந்து எடுத்துப் போங்கள். தலையிடி, வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, ஜீவனியைக் கரைத்துக் கொடுங்கள். பேச்சுக் குழறினால், புத்தி தடுமாறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கள்.

வண்டியும் மணலும்

உகந்தை வரை உயரமான வான் வண்டி போகும். கூமுனைக்குள் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் வேண்டும், மோட்டார்சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். பொத்துவிலிலும் அறுகம்பேயிலும் ஜீப் வாடகைக்குப் பிடிக்கலாம், விலையைப் போகுமுன்பே பேசி முடியுங்கள்.

பாணமை மணல்மேட்டுப் பக்கம் ஒருமுறை எங்கள் வண்டி இறங்கிவிட்டது. நாங்கள் ஆக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க சக்கரம் குழி தோண்டி, அச்சு மணலில் முட்டியது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணா வந்து, "முதல்ல இஞ்சினை நிப்பாட்டுங்க தம்பி" என்றார். ஒரு ஈர்க்குத் துண்டால் நாலு டயரின் வால்வையும் அழுத்திக் காற்றைப் பாதியளவுக்கு இறக்கினார். டயரின் அடிப்பக்கம் சப்பையாகி அகன்றது. சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வழித்து, காய்ந்த தென்னோலையைப் பரப்பி, மெதுவாக எடுக்கச் சொன்னார். வண்டி ஏறிவிட்டது. ஆகவே ஒரு கால் பம்ப், ஒரு மண்வெட்டி, இரண்டு பழைய சாக்கு கட்டாயம் வண்டியில் இருக்கட்டும். கல்ரோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடியுங்கள், அடிக்காமல் வேகமாக ஓடினால் டயர் போய்விடும்.

எதை எந்த நேரம் பார்ப்பது

விடியற்காலையில் நேரே கூமுனை. நுழைவாயில் உகந்தையில் இருக்கிறது, அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். போர்க்காலத்தில், 1985 இலிருந்து 2003 வரை, இந்தக் காடு மூடிக் கிடந்தது. இப்போதும் பக்கத்து யால பூங்கா அளவுக்குச் சனம் வருவதில்லை. உள்ளே அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இரவு தங்க விரும்பினால் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும், வாசலில் போய் நின்று கேட்டுப் பயனில்லை.

பத்து மணிக்குப் பிறகு வெளியே வந்து உகந்தை முருகன் கோவில். திருவிழா இல்லாத நாளில் அங்கே கேட்பது அலையும் குரங்கும்தான். மத்தியானம் முழுவதும் அங்கேயே மரநிழலில் இருங்கள், கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். குரங்கு பையைத் திறக்கும், கவனம்.

குடும்பிகல பாறையை மூன்றரை மணிக்கு முன் ஏறாதீர்கள். அது துறவிகள் இருக்கும் இடம், செருப்பைக் கழற்றித்தான் ஏற வேண்டும், உச்சி வெயிலில் அந்தப் பாறை தோசைக்கல். உச்சியில் ஒரு தாதுகோபம் (பௌத்தத் தூபி) நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் கடல்வரை காடுதான், ஒரு கூரைகூடத் தெரியாது. நான் அங்கே பேசாமல் அரைமணி நேரம் இருந்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு இறங்கிவிடுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் பொத்துவிலுக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலும் தங்குமிடத்திலும் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்ன நேரம் கடந்தால் அவர்கள் தேடத் தொடங்குவார்கள் என்பதால் அந்த நேரத்தை மீறாதீர்கள். பொழுதுபட்டால் பாணமைப் பாதையில் யானை இறங்கும். அது வழியில் நின்றால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட்டை அதன் கண்ணில் அடிக்க வேண்டாம், இஞ்சினை ஓடவிட்டபடி பொறுத்திருங்கள். அது தின்று முடித்துத் தானாகப் பற்றைக்குள் போகும். போனபிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள், பின்னால் குட்டி வரக்கூடும்.